ட்ரிஸ் பஃபரில் வரும் நெல் புரதம்: வாங்கலாமா?

கிள்ளிகுளத்தில் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, பிக்-1 புரதம் ரொம்ப நாளா நீங்க வாங்குதீங்களே, எப்படி இருக்கு? நானும் ஆர்டர் போடட்டா?” வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அடங்காது.

பொருள் தெரிந்தவர்களுக்குத்தான் இது. பிசானத்தில் மார்கழிப் பனி இறங்கினால் தாமிரபரணிப் பாசன வயல்களில் இலை மேல் கண் வடிவப் புள்ளி விழுமே, அந்தக் குலைநோய்ப் பூஞ்சை உள்ளே அனுப்பும் ஏவிஆர்-பிக் புரதத்தைப் பிடிப்பது நெல்லின் காவல் புரதமான பிக்-1. பிடிக்கும் இடம் அதன் எச்எம்ஏ டொமைன் என்ற பகுதி. எங்களுக்கு வேண்டியது அந்தத் துண்டு மட்டும். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது, நிக்கலில் ஒட்டும் ஹிஸ் டேக் வால் உண்டு, லயோஃபிலைஸ் பண்ணிய, அதாவது உறையவைத்து உலர்த்திய பவுடர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில், ஐஸ் பேக் எல்லாம் தண்ணீராகி வந்து சேர்ந்த குப்பிகூடக் கெடவில்லை. ஜெல்லில் ஓட்டினால் ஒற்றைப் பட்டை. ஒட்டினால் நிறம் காட்டும் எலைசா பிளேட்டில், ஏவிஆர்-பிக்கின் ஒரு வகையான ஏவிஆர்-பிக்-டி போட்ட குழிகள் பளிச்சென்று மஞ்சளாகும். எச்எம்ஏயிடம் மாட்டாமல் தப்பிக்கும் இன்னொரு வகையான ஏவிஆர்-பிக்-சி போட்ட குழிகள் தண்ணீர் மாதிரி அப்படியே கிடக்கும். டி, சி வித்தியாசம் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்தால் வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த ட்ரிஸ் இருக்கிறதே! பவுடரோடு, பிஎச்சை நிலையாக வைக்கும் ட்ரிஸ் பஃபரும் ட்ரெஹலோஸ் சர்க்கரையும் சேர்ந்தே வருகின்றன. ட்ரெஹலோஸ் புரதத்தைக் காப்பாற்றுகிறது, இருக்கட்டும். ட்ரிஸ்ஸில் இருப்பதோ ப்ரைமரி அமீன். புரதத்துக்கு அடையாளமாக நாங்கள் ஒட்டும் என்எச்எஸ்-பயோட்டின் போய் ஒட்டுவதும் அதே அமீனில்தான். புரதத்தின் லைசினுக்குப் போகவேண்டிய பயோட்டினை ட்ரிஸ் வழியிலேயே தின்றுவிடும். கம்பெனிக்கு மெயில் போட்டால், “டயாலிசிஸ் செய்துகொள்ளுங்கள்” என்று பதில், அதாவது சிறு துளையுள்ள மெம்பிரேன் வழியே ட்ரிஸ்ஸை வெளியேற்றிக்கொள் என்று.

குப்பியில் இருப்பதே 100 மைக்ரோகிராம். 10 கிலோடால்டன் மெம்பிரேன் போட்டால் இந்தக் குட்டித் துண்டும் ட்ரிஸ்ஸோடு வெளியே போய்விடும். 3.5 வாங்கி, கோல்டு ரூமில் இரவு முழுக்கப் பிபிஎஸ்ஸில் (அமீன் இல்லாத பாஸ்பேட் பஃபர்) சுற்றவிட்டால், காலையில் பாதி மெம்பிரேனிலேயே ஒட்டிக் கிடக்கும். புரத அளவு காட்டும் பிராட்ஃபோர்டு சாயம் ஊற்றிப் பார்த்தால் பழுப்பு நீலமாகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். காசு கொடுத்து வாங்கிய புரதம்வே! “ஹிஸ் டேக்தான் இருக்கே, நிக்கல் பிளேட்டில் பிடிக்க வேண்டியதுதானே” என்பார்கள். பிடித்துப் பாருங்கள், கழுவக் கழுவ இறங்கிக்கொண்டே வரும். பிபிஎஸ்ஸில் வைத்து உலர்த்தித் தருவது அவர்களுக்கு ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் ட்ரிஸ்தான் வருகிறது.

இன்னொன்று. கேட்லாக்கில் பிக்-1 என்று பெரிதாக இருக்கும், பக்கத்தில் ‘பார்ஷியல்’ என்று பொடி எழுத்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலம் உள்ள புரதத்தில் எந்தத் துண்டு என்று கேட்டு வாங்க வேண்டும். எச்எம்ஏ இல்லாத, எல்ஆர்ஆர் என்ற வேறு பகுதித் துண்டு வந்தால் ஏவிஆர்-பிக் வேலைக்கு ஒன்றுக்கும் ஆகாது.

ஆக, தம்பி, புரதம் அருமை. வாங்காதே. எச்எம்ஏ துண்டு ஈ.கோலையில் நன்றாகக் கரைந்தே வரும். அதன் ஜீன் உள்ள பிளாஸ்மிட் டிஎன்ஏ ஒன்று தேடிப் பிடித்து, பிஎல்21 என்ற ஈ.கோலை வகையில் போட்டு, நிக்கல் காலம்னில் (column) இழுத்து, ப்ரைமரி அமீன் இல்லாத ஹெப்பஸ் பஃபரில் நீயே வைத்துக்கொள். கைடு கேட்கமாட்டார், ஃபண்டு மார்ச்சில் லாப்ஸ் ஆகிவிடும் என்பார், தெரியும். அப்படியானால் கொட்டேஷனிலேயே ‘ட்ரிஸ் இல்லாமல், பிபிஎஸ்ஸில்’ என்று எழுதி வாங்கு, சீக்வென்ஸையும் கேள். வெள்ளிக்கிழமை அனுப்பவிடாதே; ஞாயிறு முழுக்கக் கூரியர் குடோனில்தான் கிடக்கும்.