எர்ரர் கோட்களைப் படிக்க ரூலா, டேபிளா?

மெயின்ஃபிரேம் என்னும் பெரிய கணினியில் ஒரு ஜாப் நின்றுவிட்டது, எர்ரர் கோட் 913 என்று எண்ணை மட்டும் சொல்லி யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எஸ்913 என்றால் டேட்டாசெட்டை, அதாவது ஃபைலைத் தொட அந்த யூசருக்கு அனுமதி இல்லை, செக்யூரிட்டி ஆளைப் பிடிக்க வேண்டும். எஸ்கியூஎல்கோட் -913 என்றால் டிபி2 டேட்டாபேஸில் வேறொரு வேலை டேட்டாவைப் பிடித்துவைத்திருப்பதால், லாக் கிடைக்காமல் ஜாப்பின் வேண்டுகோள் தோற்றிருக்கிறது. எண் ஒன்று, நோய் வேறு.

மெயின்ஃபிரேமில் வரிசையாகத் தானே ஓடும் ஜாப்களைக் கவனிக்கிற பேட்ச் சப்போர்ட்டில் இந்தக் கோட்களுக்கு விளக்கம் சொல்லும் கருவியை இரண்டு விதமாகக் கட்டுகிறார்கள். 'இப்படி இருந்தால் இது' என்ற ரூல்களை அடுக்கி எக்ஸ்பர்ட் சிஸ்டமாகக் கட்டுவது ஒன்று. ஒரு கோட்டுக்கு ஒரு வரி என்று டேபிளில் போட்டுவைப்பது இன்னொன்று. நான் டேபிள் பக்கம்.

கருவி எதற்கு என்றால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு பேட்ச் ஓடும்போது நமக்குக் காலை 9.30, அவர்களின் குளிர்கால நேரத்தில் 10.30. கோவை சரவணம்பட்டியில் இருப்பவருக்கு அது இரண்டாவது டீ நேரம். ஆனால் அந்த அப்ளிகேஷனின் வரலாறு தெரிந்த ஆள் அங்கே தூக்கத்தில் இருப்பார். அவர் தலையில் இருப்பது இங்கே திரையில் வந்தாக வேண்டும்.

ரூல் முறையின் கவர்ச்சி அதுதான். சோமனூர் தறிக்கூடத்தில் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லும் மேஸ்திரியை மென்பொருளுக்குள் உட்கார வைக்கிற ஆசை. 1980-களில் ஐபிஎம்மின் யார்க்டவுன் ஆய்வகம் எம்விஎஸ் என்ற மெயின்ஃபிரேம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆபரேட்டருக்குத் துணையாக இதைச் செய்தும் காட்டியது. ரூல் எழுதுவதற்கான ஓபிஎஸ்5 மொழியில் எழுதிய அந்த அமைப்புக்குப் பெயர் யெஸ்/எம்விஎஸ்.

வேகம், செலவு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வழக்கு தீர்வது பராமரிப்பில்தான்.

"அண்ணா, ஜாப் 35-ல நின்னுடுச்சுங்க" என்று ஒரு தம்பி கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபால் (COBOL) மொழி ப்ரோக்ராம் ஒன்று படிக்கத் திறந்த ஃபைலுக்கு ஃபைல் ஸ்டேட்டஸ் 35 வந்தால் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஜாப்பை ஓட்டும் ஜேசிஎல் கட்டளைகளில், ஃபைலைக் காட்டும் டிடி வரி விட்டுப்போயிருக்கலாம். ஃபைலே இல்லாமல் இருக்கலாம். அல்லது விசாம் (மெயின்ஃபிரேமின் ஒரு ஃபைல் வகை) ஃபைல் இருந்தும் அதில் ஒரு ரெக்கார்டுகூட ஏற்றப்படாமல் இருக்கலாம். மூன்றாவதுதான் ஆளைச் சுற்றலில் விடும்: ஃபைல்களின் பட்டியலான கேட்டலாக்கில் ஃபைல் கண்முன்னே இருக்கும், ப்ரோக்ராம் இல்லை என்று சாதிக்கும். லிஸ்ட்கேட் கட்டளை போட்டு, ஃபைலில் எதுவரை டேட்டா ஏறியிருக்கிறது என்று காட்டும் ஹை-யூ-ஆர்பிஏ பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் காப்பி செய்யும் ரெப்ரோ கட்டளை வழியாக டம்மி ரெக்கார்டு ஒன்றை ஏற்றி, பிறகு அந்த ரெக்கார்டை டெலீட் செய்தால் ஃபைல் திறக்கும்.

இதை ஓபிஎஸ்5 பாணியில் இரண்டு ரூலாக எழுதலாம். முதல் ரூல்: 35 வந்தால் 'ஃபைல் இல்லை' என்று சொல். இரண்டாவது: 35 வந்து, ஆர்பிஏ பூஜ்யமாகவும் இருந்தால் 'காலி ஃபைல்' என்று சொல். லிஸ்ட்கேட் விவரம் பின்னால் வந்து சேருவதால் இரண்டாவது ஜெயிக்கும். நன்றாகவே ஓடும்.

ஆறு மாதம் கழித்து இன்னொருவர் மூன்றாவது ரூல் சேர்க்கிறார்: 35 வந்து, முந்தைய ஜாப் தாமதம் என்று ஷெட்யூலர் சொன்னால் 'காத்திரு'. ஓபிஎஸ்5-இன் லெக்ஸ் முறையில் பல ரூல் ஒரே நேரத்தில் பொருந்தினால், கடைசியாக வந்து சேர்ந்த தகவலைத் தொட்ட ரூலுக்கே முன்னுரிமை. நிபந்தனை எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஷெட்யூலர் தகவல் கடைசியில் வருவதால் மூன்றாவது ரூல் முந்துகிறது. முதல் பதிலோடு நிற்கும் கருவியென்றால் காலி ஃபைலுக்கும் 'காத்திரு' என்றே வரும், ஆபரேட்டரும் காத்துக்கொண்டே இருப்பார். இரண்டாவது ரூலில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. இருநூறு ரூலுக்கு மேல் போனால் இந்த மாதிரி உரசலைக் கண்ணால் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

டேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கோட்டின் வகை, கோட், அதோடு வரும் ரீசன் கோட், ஜாப்பின் எந்தக் கட்டம் என்று சொல்லும் ஸ்டெப் என்று நான்கு சாவி. ஸ்டெப் பெயரோடு பொருந்தும் வரி முதலில், அது கிடைக்காவிட்டால் ஸ்டெப்பில் நட்சத்திரம் போட்ட பொது வரி. புது வரி சேர்த்தால், அதே சாவி ஏற்கெனவே இருந்தாலொழிய, பழைய வரி எதுவும் அசையாது.

கட்டும்போது தவறுகிற இடங்கள் உண்டு. வகைக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்: ஃபைல் ஸ்டேட்டஸ், எஸ்கியூஎல்கோட், சிஸ்டம் அபெண்ட் (எஸ்913 போல சிஸ்டமே ஜாப்பை நிறுத்துவது), யூசர் அபெண்ட் (ப்ரோக்ராமே நிறுத்துவது), ரிட்டர்ன் கோட். இது இல்லாவிட்டால் 913 குழப்பம் நிச்சயம். கோட்டை எழுத்தாகவே சேமியுங்கள். எக்செல் வழியாகப் போய்வந்தால் 05 வெறும் 5 ஆகிவிடும். ஃபைல் ஸ்டேட்டஸ் 97-க்குத் 'தொடரலாம்' என்று போடுங்கள். விசாம் ஃபைல் சரிபார்க்கப்பட்டு நல்லபடியாகத் திறந்தது என்றுதான் அதற்குப் பொருள். 00 மட்டுமே சரி என்று எழுதிய ப்ரோக்ராம்கள் அங்கே சும்மா நின்றுவிடும்.

ரீசன் நெடுவரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். -911-இல் 00சி90088 என்றால் டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்பது), 00சி9008ஈ என்றால் டைம்அவுட் (காத்திருந்து நேரம் தீர்வது). இரண்டிலும் கடைசி கமிட்வரை, அதாவது கடைசியாக உறுதிசெய்து சேமித்த இடம்வரை, டேட்டாபேஸ் மாற்றங்கள் ரோல்பேக் (ரத்து) ஆகியிருக்கும். -913-இல் ரோல்பேக் கிடையாது. இதில் ஒரு சூட்சுமம்: டிபி2 பின்வாங்கினாலும், அதற்குள் சாதாரண சீக்வென்ஷியல் ஃபைலில் எழுதிய ரெக்கார்டுகள் அப்படியே கிடக்கும். யோசிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் அவை இரட்டிப்பாகும். அதனால் 'எங்கிருந்து ரீஸ்டார்ட்' என்று தனி நெடுவரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். விளக்கத்துக்குள் புதைத்து எழுதினால் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

எஸ்0சி7-க்கு இரண்டு முறையுமே பாதி வழிதான் வரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று சொல்லலாம். எந்த ஃபீல்டு என்று சொல்ல டம்ப்பில் (ஜாப் நின்றபோது எடுத்த மெமரி நகலில்) உள்ள ஆஃப்செட்டை, அதாவது ப்ரோக்ராம் நின்ற இடத்தின் எண்ணை எடுத்து கம்பைல் லிஸ்டிங்கில் தேடியாக வேண்டும். பெரும்பாலும் காம்ப்-3 என்ற எண் ஃபீல்டில் ஸ்பேஸ் வந்து உட்கார்ந்திருக்கும். டேபிள் வரியில் அந்த ஸ்டெப்பின் லிஸ்டிங் எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று எழுதிவைத்தால் கால்மணி நேரம் மிச்சம்.

ரூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே கோளாறு பத்து ஜாப்பில் பத்து விதமான கோடாக வெடிக்கும்போது, எது முதலில் வந்தது என்று கோர்த்துப் பார்க்க ரூல்தான் ஆகும். பல எல்பார்களில் (ஒரே மெயின்ஃபிரேமைப் பிரித்த பகுதிகளில்) மெசேஜ் வெள்ளமாகக் கொட்டுகிற பெரிய இடங்களில் என் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். நூறு, இருநூறு ஜாப் ஓடுகிற இடமென்றால் டேபிளை முதலில் கட்டுங்கள். அதில் பதில் கிடைக்காத கோட்களைத் தனியாகக் குறித்து வாருங்கள். அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதற்கு மட்டும் ரூல் எழுதினால் போதும்.