செங்காந்தள் கிழங்குக்கு ஒரு நர்சரி: தாராபுரம் பக்கம்

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகும் வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரோஜா, குரோட்டன்ஸ் தேடுகிறவர்கள் போக வேண்டாம். செங்காந்தளுக்காகப் போகலாம்.

செங்காந்தளைத்தான் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வோம், அதற்கு எங்கள் பக்கம் பஞ்சமா என்பீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கம்பிப் பந்தலில் ஏற்றி விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விதையில் இருக்கும் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள் கீல்வாத மருந்துக்குப் போகிறது. காட்டில் தானாக முளைப்பதன் கதை வேறு. கிழங்குக்காகத் தோண்டியே அழித்தார்கள். கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவைச் செடி வேலிகளில் ஏறிப் பூத்த கொடியும், வேலி கம்பியாக மாறிய இடங்களில் காணாமல் போனது.

அதனால் எந்தக் கடையிலும் முதலில் கேட்பது, கிழங்கு எங்கிருந்து வந்தது என்றுதான். ஒரு சந்தையில், "மலையடிவாரத்துல நோண்டுனதுங்க, ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொன்னார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். மாநில மலரைத் தோண்டி விற்பதில் என்ன பெருமையோ!

இங்கே பெரியவர் பதில் சொல்லாமல் பின்பக்கம் கூட்டிப்போய் விதைப் பாத்தியைக் காட்டினார். விதையிலிருந்து பூக்கிற அளவுக்குக் கிழங்கு தேறச் சில வருஷம் ஆகும். "அவசரப்பட்டா ஆகாதுங்க அம்மிணி" என்றார். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அந்தப் பாத்தியைப் பார்த்த பிறகு பேரம் பேச மனசு வரவில்லை.

கிழங்கு கலப்பை மாதிரி கவைத்திருக்கும். நுனியில் உள்ள முளை ஒடிந்தால் நட்டும் பிரயோஜனமில்லை. அது தெரிந்து, தென்னை நார்க்கழிவுக்குள் பொதிந்து கொடுத்தார். "பூத்துக் காய்ச்சதும் கொடி காஞ்சுரும், செத்துப்போச்சுன்னு தண்ணி ஊத்திராதீங்க, கெழங்கு அழுகிரும்" என்றும் சொன்னார். முருங்கைக்குப் பக்கத்தில் நட்டேன். இலை நுனியாலேயே கிளையைப் பற்றி ஏறி, ஐப்பசியில் பூத்தது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பு.

ஒரு குறை, பெரிய குறை. கிழங்கு கொடிய விஷம், தின்றால் உயிர் போகும். கவரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வாயால் எச்சரித்தார், சரி. வீட்டில் வேறு யாராவது சர்க்கரைவள்ளி என்று எடுத்து வேகவைத்தால்? ஒரு சீட்டு எழுதிப் போட எவ்வளவு நேரம் ஆகும்!

ஆடி, ஆவணியில் போங்கள், அதுதான் நடவுப் பருவம். கையில் பணமாக எடுத்துப் போங்கள், ஜிபே கிடையாது.