ஒரே மேசையில் கேமிங்கும் புகைப்படத் திருத்தமும்: மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு குறித்து நீண்டகால அனுபவம்

விளையாடவும் படங்களைத் திருத்தவும் ஒரே கணினி போதும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் தேடலைத் தொடங்குகிறார்கள். நான் மானிட்டரிலிருந்து தொடங்கினேன். சில ஆண்டுகளாக இரண்டு வேலைகளும் ஒரே திரையில் நடந்துவருகின்றன. இன்று யார் கேட்டாலும் அதே வரிசையைத்தான் சொல்வேன். எத்தனை பிக்சலை, நொடிக்கு எத்தனை முறை வரைந்து தரவேண்டும் என்பதைக் கார்டுக்குச் சொல்வது மானிட்டர்தான். அது முடிவாவதற்கு முன்பே வாங்கிய கார்டு தேவைக்கு மிஞ்சியோ குறைந்தோ போய் நிற்கும். அதோடு, நல்ல மானிட்டர் இரண்டு மூன்று கார்டுகளின் ஆயுளைத் தாண்டி உழைக்கும்.

என்னிடம் இருப்பது ஐபிஎஸ் என்ற பேனல் வகையைச் சேர்ந்த 27 அங்குல மானிட்டர். 2560க்கு 1440 பிக்சல், 144 ஹெர்ட்ஸ், டிசிஐ-பி3 என்ற அகன்ற வண்ண வெளியின் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) பெரும்பகுதியைக் காட்டும் திறன். கார்டு, 12 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060.

27 அங்குலத்தில் 1440 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 பிக்சல் வருகிறது. விண்டோஸில் எழுத்துகளைப் பெரிதாக்காமலே வேலை செய்யமுடிகிறது. அதே அளவுத் திரையில் 1080 என்றால் 82தான். தலைமுடி, இலை நரம்பு, துணியின் நெசவு ஆகியவற்றில் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். 4கே (3840க்கு 2160 பிக்சல்) என்றால் 163. அதில் படங்கள் காட்டும் கூர்மை வேறு ரகம், மறுக்கவே மாட்டேன். 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவில் திறந்தால் 4கே திரையில் மூன்றில் ஒரு பங்கு தெரியும். என் திரையில் ஏழில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் 4கே என்பது 83 லட்சம் பிக்சல், 1440 என்பது 37 லட்சம். விளையாட்டில் கார்டு 2.25 மடங்கு பிக்சல்களை வரையவேண்டும். நடுத்தரக் கார்டு வைத்திருப்பவருக்கு அது பெரிய சுமை. 4கே திரையை 1440க்கு இறக்கி விளையாடலாம் என்பார்கள். அது முழு எண் விகிதம் இல்லை, அதனால் விளிம்புகள் மங்கும். 1080க்கு இறக்கினால் ஒரு பிக்சலுக்குச் சரியாக நான்கு என்று பொருந்தும்.

பேனல் வகையில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையிலான மாறுபாடு 3000க்கு 1 என்ற அளவில் கிடைக்கும். இருண்ட காட்சிகள் ஆழமாக இருக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைச் சற்றுச் சாய்த்தாலே நிழற்பகுதியின் சாயல் மாறிவிடுகிறது. நிழலில் இருக்கும் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது அந்த நிழலே நிலையாக இல்லையென்றால் எதை நம்பித் திருத்துவது? ஐபிஎஸ்ஸில் மாறுபாடு 1000க்கு 1 அளவில்தான். இருட்டறையில் திகில் விளையாட்டு ஆடினால் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது, மூலைகளில் வெளிறிய ஒளி கசிகிறது. பின்னால் சுவரில் படும்படி மங்கலான விளக்கு ஒன்றை வைத்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை விளையாட்டுக்கு அருமையானது. படத்திருத்தத்துக்கு அதை நான் இன்னும் தேர்ந்தெடுக்காததற்கு இரண்டு காரணங்கள். திருத்தும் மென்பொருளில் கருவிப்பட்டையும் பக்கப் பலகைகளும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கின்றன. அவை தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. இரண்டாவது, திரையில் வெள்ளைப் பரப்பு கூடினால் ஒளிர்வைத் தானாகக் குறைக்கும் பழக்கம் பல ஓஎல்இடி திரைகளுக்கு இருக்கிறது. பனிக்காட்சியைத் திருத்தும்போது அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் விஷயம்: நிறம். விளம்பரங்களில் 'டிசிஐ-பி3 இத்தனை விழுக்காடு' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அகன்ற வண்ண வெளி நல்லதுதான், ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் வழி இல்லாவிட்டால் அது தொல்லை. இணையத்தில் உள்ள பெரும்பாலான படங்களும் வழக்கமான விளையாட்டுகளும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ண வெளிக்காகவே உருவாக்கப்பட்டவை. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்ட வெளி அது. அதில் 'முழுச் சிவப்பு' என்று ஓர் எண் இருக்கிறது. நிற மேலாண்மை செய்யாத மென்பொருள் அந்த எண்ணை அப்படியே பேனலுக்கு அனுப்பிவிடும். பேனல் தன்னால் முடிந்த அதிகபட்சச் சிவப்பைக் காட்டும். அந்தச் சிவப்பு எஸ்ஆர்ஜிபி சொல்லும் சிவப்பைவிட மிக அடர்த்தியானது. விளைவு: மனிதர்களின் தோல் வெயிலில் காய்ந்ததுபோல் சிவக்கிறது, புல்வெளி நியான் பச்சையாகிறது.

லைட்ரூம், போட்டோஷாப், டார்க்டேபிள் போன்றவை திரையின் நிறத்தன்மையை விவரிக்கும் ஐசிசி விவரக்கோப்பைப் படித்து எண்களை மாற்றி அனுப்புவதால் அவற்றில் நிறம் சரியாக வரும். அதே படத்தைச் சேமித்து, சாதாரணப் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றில் திறந்தால் வேறு படம்போல் இருக்கும். எது உண்மை என்று குழம்புகிறவர்கள் ஏராளம். விவரக்கோப்பு சரியாக இருந்தால் திருத்தும் மென்பொருள் காட்டுவதே உண்மை. மற்றதைப் பார்த்துப் பயந்து நிறத்தைக் குறைத்தால், ஊரார் திரைகளில் படம் சாயம் வெளுத்துத் தெரியும்.

ஆகவே மானிட்டர் வாங்குமுன் நான் முதலில் தேடுவது எஸ்ஆர்ஜிபி பயன்முறை. அது இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பயன்முறையில் ஒளிர்வை மாற்றமுடிகிறதா என்று பார்க்கவேண்டும். பல மானிட்டர்களில் அதற்குள் போனதும் ஒளிர்வு பூட்டிக்கொள்ளும். என்னுடையதில் ஒளிர்வு திறந்திருக்கிறது. இத்தனை காலத்தில் நான் மிகவும் மதித்த வசதி அதுதான். கதை சொல்லும் விளையாட்டுகளை அந்தப் பயன்முறையில்தான் ஆடுகிறேன். கலைஞர்கள் தேர்ந்தெடுத்த வண்ணங்களை அவர்கள் நினைத்தபடி பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. ஏஎம்டி கார்டுகளின் டிரைவரில் அகன்ற வெளியை எஸ்ஆர்ஜிபி அளவுக்கு அடக்கும் வழி நெடுங்காலமாக உண்டு. என்விடியா கார்டுகளுக்கு அதே வேலையைச் செய்யத் தனி ஆர்வலர்கள் எழுதிய சிறிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ஒளிர்வையும் சொல்லியாகவேண்டும். பெட்டியைத் திறந்து இயக்கியதும் பல மானிட்டர்கள் 300 நிட்டுக்கு (ஒளிர்வின் அலகு) மேல் ஒளிர்கின்றன. அச்சுக்குப் போகும் படத்தை அந்த வெளிச்சத்தில் திருத்தினால் தாளில் இருண்டு வருவது உறுதி. நான் 100க்கும் 120க்கும் இடையில் வைத்திருக்கிறேன். வெள்ளைப்புள்ளி (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின், காமா (இடைச்சாயல்களின் வெளிச்சத்தை நிர்ணயிக்கும் வளைவு) 2.2. இவற்றைக் கண்ணால் அளக்கமுடியாது. திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவி அவசியம். படங்களைப் பிறருக்குக் கொடுப்பவர் என்றால், உயர்ந்த கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கலரிமீட்டருக்குத் திருப்புங்கள். இலவசமான டிஸ்ப்ளேகால் மென்பொருளோடு அது நன்றாக வேலை செய்கிறது. அளப்பதற்கு முன் திரை அரை மணி நேரமாவது ஓடியிருக்கட்டும். அகன்ற வண்ண பேனல் என்றால் அதன் பின்னொளி வகைக்குரிய திருத்தத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கருவியே தவறாக அளந்து வெள்ளையில் பச்சையோ இளஞ்சிவப்போ கலந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளப்பதும் முக்கியம். என் திரையின் பின்னொளி ஆண்டுகள் செல்லச்செல்ல மெல்லமெல்ல மங்கியிருக்கிறது, மஞ்சளும் லேசாக ஏறியிருக்கிறது. அன்றாடம் பார்க்கும் கண் இதைக் கவனிப்பதே இல்லை, கருவிதான் காட்டிக்கொடுத்தது. இன்னொன்று: முழுத்திரை விளையாட்டுகள் சில, அளவீட்டின்படி கார்டில் ஏற்றிய காமா அட்டவணையை, அதாவது நிறத் திருத்தத்தை, அழித்துவிடும். டிஸ்ப்ளேகாலோடு வரும் துணை மென்பொருள் பின்னணியில் இருந்து அதைத் திரும்ப வைத்துவிடுகிறது.

60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகம் (திரையில் வரையப்படும் ஒரு படம்) 16.7 மில்லிநொடி நிற்கும், 144இல் 6.9. இந்த மாற்றம் சுட்டியை அசைத்த முதல் கணத்திலேயே தெரியும், படத்தைப் பெரிதாக்கி நகர்த்தும்போதுகூட இதமாக இருக்கிறது. 240இல் அது 4.2 ஆகிறது. போட்டி விளையாட்டுகளில் தீவிரமாக இல்லாதவருக்கு அந்த மிச்சம் பெரிதில்லை. அதைவிட எனக்குப் பயன்பட்டது, கார்டின் வேகத்துக்குத் தக்கபடி திரை தன்னை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சின்க். 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகளும் ஏஎம்டியின் ஃப்ரீசின்க் வகை மானிட்டர்களோடு இதைச் செய்கின்றன. நொடிக்கு 65க்கும் 90க்கும் இடையில் சட்டகங்கள் ஏறி இறங்கும் விளையாட்டு, கிழிசலோ திக்கலோ இல்லாமல் ஓடுகிறது. பிக்சல்கள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை மானிட்டர் மெனுவில் உச்சத்தில் வைக்காதீர்கள். நகரும் பொருள்களின் பின்னால் வெளிர்நிற வால் ஒட்டிக்கொள்ளும். நடு அளவே போதும்.

இப்போது கார்டு. 2021இல் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தபோது, அதற்கு மேற்படியில் இருந்த 3060 டிஐயில் 8 ஜிபிதான் இருந்தது. சிறிய கார்டில் அதிக நினைவகம் எப்படி என்றால், 3060இன் நினைவகப் பாதை 192 பிட். ஒரு சில்லுக்கு 32 பிட் வீதம் ஆறு சில்லுகள். ஒன்று 1 ஜிபி என்றால் மொத்தம் 6, 2 ஜிபி என்றால் 12. ஆறு போதாது என்று பன்னிரண்டு வைத்தார்கள். டிஐ விளையாட்டுகளில் வேகமானது. நான் 12 ஜிபியைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்டுகள் போகப்போக அந்த முடிவு மேலும் மேலும் சரியாகிவந்தது. புதிய விளையாட்டுகள் மேற்பரப்புப் படங்களை உயர்தரத்தில் ஏற்றும்போது 8 ஜிபி நிறைந்து திக்குவதைப் பலரும் பார்க்கிறார்கள். வேகம் போதாவிட்டால் நிழல்களின் தரத்தை ஒரு படி குறைக்கலாம், குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸை இயக்கலாம். நினைவகம் போதாவிட்டால் மேற்பரப்புகளின் தரத்தையே குறைக்கவேண்டியிருக்கிறது; அது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். 2022இல் இதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி, 128 பிட் வடிவம் ஒன்றும் வந்தது. பழைய கார்டு வாங்குபவர்கள் பெயரை மட்டும் பார்த்து வாங்கவேண்டாம்.

படத்திருத்தத்தில் கார்டின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு, ஒரே ஓர் இடத்தைத் தவிர. போட்டோஷாப்பில் படத்தைப் பெரிதாக்குவது, சுழற்றுவது, சில வடிகட்டிகள் ஆகியவை கார்டைப் பயன்படுத்துகின்றன. அடுக்கடுக்கான பெரிய கோப்புகளுக்குக் கணினியின் நினைவகமும் செயலியும்தான் முதலில் தேவை. 16 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்கு மாறியபோது கிடைத்த நிம்மதியை எந்தக் கார்டும் எனக்குத் தந்ததில்லை. விதிவிலக்கு, செயற்கை நுண்ணறிவு வழியில் இரைச்சல் நீக்குவது. 2023 ஏப்ரலில் லைட்ரூம் கிளாசிக்கில் டீநாய்ஸ் வந்த பிறகு கார்டின் உண்மையான பலம் படக்காரர்களுக்கும் தெரியவந்தது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான டென்சர் கோர் உள்ள கார்டில் நொடிகளில் முடியும் படம், பழைய கார்டில் பல நிமிடங்கள் எடுக்கும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான ரா கோப்புகளை (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்புகள்) திருத்துபவருக்கு அது ஓர் இரவின் வேலை.

என்விடியாவின் டிரைவரில், படைப்பு மென்பொருள்களுக்கான ஸ்டுடியோ வகையையே வைத்திருக்கிறேன். அடிக்கடி மாறாமல் அமைதியாக ஓடுகிறது. 2019 முதல் 3060 போன்ற ஜிஃபோர்ஸ் வரிசைக் கார்டுகளிலும் போட்டோஷாப்பில் 10 பிட் நிறம் கிடைக்கிறது. மாலை வானத்தின் மெல்லிய நிற ஏற்றத்தில் பட்டைகள் குறைவதை உற்றுப்பார்த்தால் காணலாம்.

இணைப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட். 1440இல் 144 ஹெர்ட்ஸும் 10 பிட்டும் முழு நிறத் தகவலோடு ஹெச்டிஎம்ஐ 2.0இல் அடங்காது. இணைத்த பிறகு விண்டோஸ் அமைப்பில் 144 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது 60இலேயே நின்றிருக்கிறது. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சைக் காட்டும் எச்டிஆர் பற்றி ஒரு வரி: டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரைக்குப் பகுதிபகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை, ஆகவே அதற்காக ஒரு மானிட்டரை விரும்பத் தேவையில்லை.

கார்டு 170 வாட் வகை. 550 வாட் பவர் சப்ளையில் எந்தத் தொந்தரவும் இல்லை. தூசியை அவ்வப்போது ஊதிவிடுவதைத் தவிர வேறு பராமரிப்பு கேட்டதில்லை. படத்திருத்தத்தின்போது மின்விசிறிகள் பெரும்பாலும் நின்றே இருக்கின்றன.

அடுத்து வாங்கும்போதும் மானிட்டர்தான் முதலில். அளவீட்டைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் வசதியுள்ள 27 அங்குல 4கே ஐபிஎஸ் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். அளவீடு மானிட்டருக்குள் இருந்தால் விளையாட்டுகளால் அதைக் கலைக்கமுடியாது. 16 ஜிபிக்குக் குறையாத கார்டு அதன் பிறகு. அதுவரை 4கேயில் படங்கள், 1080இல் விளையாட்டு என்று இந்த 3060ஐயே ஓட்டுவேன். இப்போதைய மானிட்டர் பக்கத்தில் நின்று கருவிப்பலகைகளைத் தாங்கட்டும்.