ஆவணியில் பறவை பார்க்க: ஸ்ரீஹரிகோட்டா சாலையா, பழவேற்காட்டு முகத்துவாரமா?

தடாவில் குடியிருக்கும் எனக்குப் பழவேற்காடு ஏரியில் பறவை பார்க்க இரண்டு வழிகள் உண்டு. வடக்கே சூலூர்பேட்டைக்குப் போய், ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையோரத்தில் நின்று பார்க்கலாம்; அல்லது எல்லையைத் தாண்டித் தெற்கே இறங்கி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய், ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்து மணலில் நின்று பார்க்கலாம். முதல் வழி எனக்குக் கூப்பிடு தூரம். இரண்டாவதற்கு இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். ஆயினும் வெயில் இன்னும் தணியாத ஆவணியில் யார் கேட்டாலும் முகத்துவாரத்துக்கே போகச் சொல்கிறேன். உறவினர்கள் இதை என் பிடிவாதம் என்கிறார்கள். காரணம் தண்ணீரில் இருக்கிறது.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தெற்கு ஓரம் மட்டுமே தமிழ்நாட்டுக்கு உரியது. ஆந்திரம் 1976-லும் தமிழ்நாடு 1980-லும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பரப்பு பெரிதென்றாலும் ஆழம் சொற்பம். பல இடங்களில் இடுப்பளவுகூட இராது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் வடகிழக்குப் பருவமழையில்தான் ஏரியை நிறைக்கின்றன. மழை நின்று மாதங்கள் கடந்தபின், கடலோடு தொடர்பில்லாத வடபகுதி ஆவியாகிச் சுருங்கி, மிஞ்சும் நீரில் கடலைவிடவும் உப்பேறி, பிறகு சேறும் வெடிப்புமாக மாறிவிடுகிறது. தென்கோடியிலோ, மணல் அடைக்காதவரை, முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் நாள்தோறும் வந்து போகிறது. ஈரச் சேறு இருக்கும் இடத்தில்தான் புழு இருக்கும். புழு இருக்கும் இடத்துக்குத்தான் சேற்றில் இரை தேடும் கரைப்பறவையான உள்ளான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமையில், சென்னையிலிருந்து வந்த அக்காள் மகனைப் பூநாரை காட்டுவதாகச் சொல்லி ஸ்ரீஹரிகோட்டா சாலைக்கு அழைத்துப் போனேன். இருபுறமும் வெள்ளை பூத்த தரை, தொலைவில் நான்கைந்து எருமைகள், எட்டரை மணிக்கே எழும்பிய கானல். கானலுக்குள் ஏதோ அசைந்தது. பையன் பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, அது பிளாஸ்டிக் பை" என்றான். சாலையின் மேல் குற்றமில்லை. மார்கழி, தை மாதங்களில் அதே இடத்தில் முழங்காலளவு நீர் நிற்க, பூநாரைகள் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி மேய்வதை வண்டியிலிருந்து இறங்காமலே காணலாம். சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடப்பதும் அந்தப் பருவத்தில்தான். பருவம் தெரியாமல் போனது நான்.

முகத்துவாரத்துக்குப் படகு தேவையில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இந்த நீரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. கரையில் யாராவது விலை பேசினாலும் ஏறாதீர்கள். பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கக் குப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு வடக்கே மணலில் நடந்தால் போதும். காலையில் இங்கே இன்னொரு வசதி: சூரியன் கடல் பக்கம் எழுவதால், ஏரியை நோக்கி நிற்பவருக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது, பறவையின் நிறம் நிறமாகவே தெரிகிறது.

அந்த நிறத்துக்காகவே ஆவணியைச் சொல்கிறேன். வடக்கே சைபீரியா வரை சென்று குஞ்சு பொரித்த கரைப்பறவைகளில், பெரும்பாலான இனங்களில், வளர்ந்தவை முதலில் திரும்புகின்றன. அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்னால் வருகின்றன. முதலில் வருபவற்றின் உடலில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மை இன்னும் முழுதாக உதிர்ந்திருக்காது. போன ஆண்டு மணல்திட்டில் உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவைகளின் கூட்டம் ஒன்று ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாக இருந்தது. எல்லாம் சாம்பல் பழுப்பு. ஒன்றின் மார்பில் மட்டும் துருப்பிடித்தாற்போல் ஒரு பட்டை, நடுவில் அறுந்து கிடந்தது. தை மாதத்தில் போனால் அந்தப் பட்டை இராது. எல்லாமே ஒரே சாயலில் நின்று நம்மைக் குழப்பும்.

வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பறவைகள் ஏன் இத்தனை தள்ளி மேய்கின்றன என்று கேட்டேன். "இப்ப வத்தம் தம்பி. ஏத்தம் ஆரம்பிக்கட்டும், தானா உங்கிட்ட வரும்" என்றார். அப்படியே நடந்தது. நீர் ஏற ஏறத் திட்டு சுருங்கி, பவளக்காலிகளும் கொசு உள்ளான்களும் அடி அடியாக எங்கள் பக்கம் ஒதுங்கின. அன்றுமுதல், கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. நிழல் அறவே இல்லை என்பதும், தெருநாய்கள் அடிக்கடி கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பதும் இவ்விடத்தின் குறைகள். வயதானவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துப் போக இது ஏற்ற இடமன்று. அவர்களுக்கு, தை வரை காத்திருந்து, அந்தச் சாலையே மேல்.

சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே என்பார்கள். அங்கே கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது ஐப்பசிக்குப் பிறகு. ஆவணியில் மரங்களைத்தான் பார்த்துவிட்டு வரலாம்.

ஒரு விலக்கு உண்டு. தென்மேற்குப் பருவத்தில் உள்நாட்டில் நல்ல மழை பெய்து காளங்கியில் வெள்ளம் வந்தால், ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் புரட்டாசியிலேயே நனைந்துவிடும். அந்த ஈரத்துக்கு நெடுங்கால் உள்ளான்கள் முதலில் வந்து சேரும். சூலூர்பேட்டைச் சந்தையில் ஏரி மீன் விற்கும் அம்மாவிடம் சாலைப் பக்கம் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டே அந்த வாரம் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்கிறேன்.