வெள்ளிக் கரண்டியா, செயலியா, வித்துத்தூளா, ஊர்ப் பெரியவரா? காட்டுக்காளானுக்கு எது நம்பகம்?

கொதிக்கும் காளானில் வெள்ளிக் கரண்டியைப் போட்டால் விஷம் கறுத்துக் காட்டும், பூச்சி அரித்ததைத் தின்னலாம் என்ற இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். காளான் சாவுகளில் பெரும்பங்கு ‘டெத் கேப்’ வகையால் வருகிறது. அதிலுள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு வெள்ளியைக் கறுக்கவைக்காது, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. நத்தைகளோ அதைத் தாராளமாகத் தின்னும்.

கைபேசிச் செயலி இதைவிடத் தேவலாம், ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி தெரியாது. டெத் கேப்பைக் காட்டிக்கொடுக்கும் கிண்ணம் போன்ற உறை அங்கேதான் இருக்கிறது. பெயர் தேட உதவும். சமைக்கலாமா என்று அதனிடம் கேட்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது வித்துத்தூள் சோதனை, அதாவது குடைக்கு அடியிலிருந்து உதிரும் தூளின் நிறத்தைப் பார்ப்பது. காம்பை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளான செதில்களின் அச்சு தூளாகப் படிந்திருக்கும். புல்தரையில் வளரும் பெரிய வெள்ளைக் குடைக்காளான் ஒன்று உண்டு. இளசில் அதன் செதிலும் வெள்ளைதான், பார்த்தால் சந்தேகமே வராது. தாளில் மட்டும் பச்சை படியும். அதைத் தின்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். நாம் வளர்க்கும் வைக்கோல் காளானுக்கும் அடியில் உறை உண்டு. ஆனால் அதன் தூள் இளஞ்சிவப்பு, டெத் கேப்பினுடையது வெள்ளை. இருந்தாலும் இளஞ்சிவப்புத் தூளுள்ள விஷக்காளான்களும் இருக்கின்றன. ஆகவே இந்தச் சோதனை ‘வேண்டாம்’ என்று சொன்னால் நம்பலாம், ‘சரி’ என்று சொல்ல அதனால் முடியாது.

‘சரி’ சொல்லக்கூடியவர், அதே இடத்தில் அதே காளானை ஆண்டாண்டாகப் பறிக்கும் ஊர்ப் பெரியவர். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் நீண்டு கறையான் கூடுவரை போவதை அவர் தோண்டியே காட்டுவார். அவரிடம் முழுக் காளானையும் வேர்ப்பகுதியோடு கொண்டுபோங்கள். ஆனால் அந்த அறிவு அந்த மண்ணோடு சரி. ஆஸ்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய ஆசியர்கள், ஊரில் பழகிய வைக்கோல் காளான் என்று நம்பி டெத் கேப்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வாழும் நம்மவர்கள் ஓக் மரத்தடியில் முளைப்பதைத் தொடவே வேண்டாம்.

யாராவது தின்றுவிட்டால் வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள். டெத் கேப் 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றும் காட்டாது. பிறகு வரும் வாந்தி பேதி அடங்கித் தேறியதுபோல் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.