நான்கு சாகசக் கதைகள், ஒரு சொற்பட்டியல்: ஆங்கிலச் சொல்வளத்துக்கு எதை எடுப்பது?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பஸ் போர்டிலும் ஆபீஸிலும் மலையாளம், பிளஸ் ஒன் போனதும் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்த பிள்ளை, பதினொன்றில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும்போது திணறிப்போகிறது. போன வருஷம் என் அக்கா மகளுக்கும் அதுதான் நடந்தது. கையில் ஒரு சொற்பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை உருப்போடுவாள். காலையில் கேட்டால் பாதி போயிருக்கும். அவளுக்காகத்தான் பழைய ஆங்கில சாகசக் கதைகள் நான்கை எடுத்து அவளோடு உட்கார்ந்து படித்தேன். எது எதற்கு உதவும் என்று ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பட்டியலுக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் யாரும் மலையாளத்தைப் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் காதில் விழுந்து வந்த மொழி அது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘தொழில் அவசரங்கள்’ என்று பார்த்துவிட்டு ‘என்ன அவசரம்?’ என்று குழம்பிய பிள்ளை, மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. குழப்பமும் விடையும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அது நிற்கிறது. பட்டியலில் குழப்பமே வருவதில்லை, வெறும் விடைதான். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பரீட்சைக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்றால் பட்டியலை எடுங்கள். கதைக்கு மாசக் கணக்கில் பொறுமை வேண்டும்.

அப்புறம் சுருக்கப் பதிப்புகள். கடையில் படத்தோடு மெலிசாகக் கிடைப்பவை. கதை தெரிந்துகொள்ள நல்லவை, வாசிக்கும் பழக்கம் வரவும் நல்லவை. உயர்ந்த சொற்களைக் கற்க அவை உதவாது, ஏனென்றால் சுருக்கும்போது முதலில் எடுத்து எறியப்படுவதே அந்தச் சொற்கள்தான். மூலத்தை எடுக்கலாமா, சுருக்கத்தில் தொடங்கலாமா என்பதற்கு நான் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொல் எண்ணுங்கள். தெரியாதது ஐந்துக்கு மேல் போனால் இப்போதைக்குச் சுருக்கம்தான். மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு இன்னும் கறாரானது. யார் உதவியும் இல்லாமல் ஒரு நாவலைப் படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து வரும் சொற்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை என்று 2006-இல் அவர் எழுதினார். பிளஸ் ஒன் பிள்ளைக்கு அது எட்டாத தூரம். அதனால் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரணும், அல்லது அகராதி இருக்கணும்.

இனி புத்தகங்கள்.

டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ (1719) எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். என் கணக்கில் இது கடைசி. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், அரைப்புள்ளி மேல் அரைப்புள்ளியாக. அதைவிடப் பெரிய சிக்கல், 300 வருஷத்தில் பொருள் மாறிப்போன சொற்கள். ‘சென்சிபிள்’ என்றால் இன்றைக்கு விவேகமுள்ள என்று பொருள். குரூசோ அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெரும்பாலும் ‘உணர்ந்திருந்தேன்’ என்று அர்த்தம். ‘வான்ட்’ என்றால் வேண்டும் என்பதைவிட இல்லாமை என்ற பொருளில் அதிகம் வரும். ‘அவசரம்’ கதையேதான், ஆனால் தெருவில் இறங்கினால் சரிபார்த்துக்கொள்ள முடியாத அவசரம். ஒரு சொல்லுக்கு மட்டும் இந்தப் புத்தகத்தை மெச்சுவேன்: ‘டெலிவரன்ஸ்’. தீவிலிருந்து மீட்பு, பாவத்திலிருந்து மீட்பு என்று இரண்டு பொருளிலும் குரூசோ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் புரட்டுகிறான். 28 வருஷம் தீவில் கிடந்தவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கனத்தது என்பது கூடவே புரிகிறது.

ஜூல் வெர்னின் ‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ பிரெஞ்சில் எழுதப்பட்டது. நாம் படிப்பது மொழிபெயர்ப்பு. 1873-இல் ஜார்ஜ் டௌல் செய்த ஆங்கிலம்தான் இன்றைக்கும் பரவலாகக் கிடைக்கிறது. போட்டித் தேர்வில் கேட்கும் ரகச் சொற்கள், குறிப்பாக மனுஷனின் சுபாவத்தைச் சொல்லும் லத்தீன் வழிச் சொற்கள், இதில் நிறைய. ஃபாக் என்ற நாயகனை அறிமுகப்படுத்தும் இடத்தில், அவர் மிகக் குறைவாகவே பேசுவார் என்று சொல்லிவிட்டு அதே வாக்கியத்தில் ‘டாசிடர்ன்’ என்ற சொல் வருகிறது. அகராதியே வேண்டாம். பம்பாயில் இறங்கி ரயில் ஏறி, பாதி வழியில் தண்டவாளம் முடிந்துபோய் யானை வாங்கும் கட்டம் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் வெர்ன் விஷயத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று பார்த்து எடுக்கணும். கடலடிக் கப்பல் கதையின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் கணிசமான பகுதியை வெட்டிவிட்டார்கள்.

ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ (1903) ஏழே அத்தியாயம். பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கும் நாய்களின் கதை. எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

பைக் என்று ஒரு நாய் வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் அது பன்றி இறைச்சியைத் திருடும்போது லண்டன் அதை ‘மலிங்கரர்’ என்கிறார். அந்த ஒரு இடத்தில் பொருள் பிடிபடாது, திருடன் என்றுகூட நினைத்துவிடலாம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நாள் காலையில் வேலைக்கு எல்லா நாயும் வர, ‘மலிங்கரர்’ பைக் மட்டும் பனிக்கடியில் ஒளிந்து கிடக்கிறது. ஓஹோ, டிமிக்கி கொடுக்கிற ஆள் என்று ஊகம் வருகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் முடிச்சு அவிழ்கிறது: காலில் அடிபட்டதுபோல எத்தனையோ தடவை ஏமாற்றிய அந்த பைக், இப்போது நிஜமாகவே நொண்டுகிறது. நோய் நடிப்பவன்! அந்த ஒரே வாக்கியத்தில் ‘டிசீட்’ (ஏமாற்று), ‘ஃபெய்ன்’ (பாசாங்கு செய்வது), ‘இன் எர்னஸ்ட்’ (நிஜமாகவே) மூன்றும் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அக்கா மகள் அந்த இடத்தில் நிமிர்ந்து, “மாமா, இந்த நாய் இவ்வளவு நாளா நடிச்சுதா? இப்பத்தான் நிஜமா நொண்டுதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே நான்கு சொல்லும் அவளுக்கு வந்துவிட்டது.

அதற்குச் சற்று முன்னால் இன்னொன்று. பக் என்ற நாயின் எடை 140 பவுண்டிலிருந்து 115-க்கு ‘ட்விண்டில்’ ஆனதாக வருகிறது. பொருளை எண்ணே சொல்லிவிடுகிறது. ஒரு சொல் இப்படி வேறு வேறு வேஷத்தில் திரும்பி வருவதுதான் கற்பவருக்கு வேண்டியது. மூன்றாவது சந்திப்பில்தான் அது நம்முடையதாகிறது. ஒரு எச்சரிக்கை: கதையில் அடியும் சாவும் நிறைய. நாய் என்றால் உருகும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

கடைசியாக, ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலேண்ட்’. 1881-82-இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து 1883-இல் புத்தகமானது. கப்பல் சொற்களைப் பார்த்து பலர் பயப்படுகிறார்கள். பாய்மரம், கயிறு, நங்கூரம் பற்றிய சொற்கள் நமக்கு அவ்வளவாக உதவாது என்பது உண்மைதான். அவற்றைத் தாண்டிப் போய்விடலாம், கதை கெடாது. ஆனால் சில இடங்களில் ஸ்டீவன்சன் வாத்தியார்போலப் பக்கத்தில் நிற்கிறார். தீவில் தனியாகக் கிடக்கும் பென் கன், தன்னை ‘மரூன்’ செய்துவிட்டார்கள் என்கிறான். உடனே கதையைச் சொல்லும் சிறுவன் ஜிம், கொஞ்சம் வெடிமருந்தும் குண்டும் கொடுத்து ஆளில்லாத தீவில் இறக்கிவிடும் தண்டனை என்று நமக்கு விளக்குகிறான். பென் கன் செய்து வைத்திருக்கும் ‘காரக்கிள்’ இன்னும் அருமை. மரச்சட்டத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்திய சின்னப் படகு, துடுப்புப் போட்டால் நேராகப் போகாமல் சுற்றுகிறது. ஒகேனக்கல் பார்த்தவர்களுக்கு அது பரிசல் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில். ஜிம் சொல்லும் நடை சுத்தமான ஆங்கிலம். லாங் ஜான் சில்வரும் மற்றக் கொள்ளையரும் பேசுவது இலக்கணம் மீறிய கொச்சை. ‘யூ வாஸ்’ என்கிற ரகம். தாய்மொழிக்காரனுக்கு அந்த வித்தியாசம் காதிலேயே உறைக்கும், நம் பிள்ளைக்கு உறைக்காது. சில்வரின் வாக்கியத்தை அப்படியே கட்டுரையில் எழுதிவிட்டால் மார்க் போகும். அதனால்தான் இதை முதல் புத்தகமாகச் சொல்லத் தயங்குகிறேன். லண்டனுக்கு அடுத்தது இது, மூன்றாவது வெர்ன். இரண்டு வருஷம் கழித்து, ஆசை இருந்தால், குரூசோ. போட்டித் தேர்வு மட்டுமே குறி என்றால் வெர்னை முன்னால் கொண்டுவரலாம்.

நான்குமே காப்புரிமை தீர்ந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவும் இருக்கிறது. ஒலிப்பதிவைச் சும்மா ஒதுக்காதீர்கள். பழைய கதைகளில் உணவுக்கு வரும் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டினால் ‘விக்டுவல்ஸ்’ என்று வரும், உச்சரிப்போ ‘விட்டில்ஸ்’. கண்ணால் மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியில்லை. இப்போது அக்கா மகள் டிரெஷர் ஐலேண்டில் இருக்கிறாள். அதை மட்டும் காதில் கேட்டுக்கொண்டே படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜிம் எங்கே நிறுத்துகிறான், சில்வர் எங்கே வாயைத் திறக்கிறான் என்பது குரல் மாறும்போதே தெரிந்துவிடுகிறது. சில்வர் பேசும் வரிகளின் ஓரத்தில் அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறாள்.