ஒரு கோடு வந்ததும் மாத்திரை வாங்கிவிடாதீர்கள்

போன மே மாதம், ஈரோட்டில் எனக்கு நடந்தது இது. எனக்கு மாதவிலக்கு எப்போதுமே 32, 35 நாள் என்று இழுத்துக்கொண்டுதான் வரும். அந்த முறை 36ஆம் நாளும் வரவில்லை. வேலை முடிந்து வரும் வழியில், பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு ஒன்று வாங்கினேன். 80 ரூபாய். பில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எதுக்குங்க பில்லு?" என்றார் கடைக்காரர். நாலு ஆண்கள் நிற்கும் இடத்தில் அதைக் கேட்டு வாங்கியதே பெரிய பாடு. பேப்பரில் சுற்றிக் கொடுத்ததைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை, சாயங்காலமே பார்த்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வெயிலுக்குப் பகலெல்லாம் தண்ணீராகக் குடித்திருந்தேன். சிறுநீர் நீர்த்துப்போயிருந்தால் கர்ப்பத்தைக் காட்டும் ஹெச்சிஜி ஹார்மோனும் அதில் குறைவாகத்தான் இருக்கும். காலையில் முதலில் போவதில் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். டிராப்பரில் மூன்று சொட்டு விட்டேன். இளஞ்சிவப்பாக ஈரம் ஏறி ஜன்னலைக் கடந்தது. 'சி' பக்கம் ஒரு கோடு. கர்ப்பம் என்றால் கோடு வர வேண்டிய 'டி' பக்கம் ஐந்து நிமிஷம் கழித்தும் வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் அதே கடையில் சொன்னேன். "அப்ப ஒண்ணுமில்லைங்க, நாள் வர்றதுக்கு மாத்திரை தர்றேன்" என்று ஐந்து நாளைக்கு ஹார்மோன் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. நானும் கேள்வி கேட்காமல் போட்டேன். முடித்துப் பத்து நாளாகியும் தலைக்குக் குளிக்கவில்லை. திரும்பப் போனால், "இன்னொரு கோர்ஸ் போடுங்க" என்கிறார்! ஏனோ மனசு வரவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன். அந்த வாரம்தான் தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்ட ஆரம்பித்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம் கண்ணு" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே வாங்காமல் பார்த்தார்கள். சொட்டு விட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அழுத்தமாக இரண்டு கோடு. எல்எம்பி, அதாவது கடைசி மாதவிலக்கின் முதல் நாள் கணக்கில் எட்டு வாரம், ஸ்கேனில் ஏழு வாரம். கரு தள்ளித்தான் தரித்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டு, ஐந்தாம் மாத ஸ்கேனில் கவனமாகப் பார்ப்போம் என்றார். போலிக் ஆசிட் அன்றுதான் ஆரம்பித்தேன். குழந்தையின் தண்டுவடக் குழாய் மூடுகிற நாட்களுக்குத்தான் அது முக்கியமாம். அந்த நாட்கள் தாண்டியிருந்தன. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டினேன். பழைய கார்டின் வெள்ளிக் கவர் அடியில் கிடந்தது. விலை ஸ்டிக்கர் கோணலாக, எக்ஸ்பைரி தேதி மேலேயே ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால், காலாவதியாகி ஏழு மாதம். 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அதே கவரில் அச்சடித்திருக்கிறது. அந்தக் கடையிலோ மேற்கு வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில், அக்னி நட்சத்திரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

போய்க் கேட்டேன். "கோடு வந்துச்சில்லைங்க? அப்ப கிட்டு நல்லாத்தானே இருக்குது" என்றார். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். 'சி' கோடு, ஈரம் சரியாக ஏறியதா என்று காட்டுவதற்கு. ஹார்மோனைப் பிடிக்க வேண்டியது 'டி' பக்கத்து வேலை. அது கெட்டுப்போயிருந்தாலும் 'சி' பாட்டுக்குச் சிவந்து நிற்கும். சரி, தப்பு கார்டு மேலா, நான் அவசரப்பட்டதாலா? இரண்டும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் நல்ல கார்டாகவே இருந்தாலும், சீக்கிரம் பார்த்து வந்த ஒற்றைக் கோட்டுக்கு 'இன்னும் தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். இரண்டு மூன்று நாள் விட்டுக் காலையில் திரும்பப் பார்க்கணும். அப்புறமும் குழப்பம் என்றால், அதே ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் பீட்டா ஹெச்சிஜி டெஸ்ட். இதற்கு நடுவில் மெடிக்கல்காரர் தரும் எந்த மாத்திரையும் வேண்டாம். வயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, தலைசுற்றலோ இருந்தால் கார்டு என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

கூச்சத்தைப் பார்க்காமல் கடையிலேயே தேதியைப் படியுங்கள். ஸ்டிக்கர் மறைத்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பில் கட்டாயம். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தபோது என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான். கவரின் போட்டோவை, பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் கடைக்காரர் கூப்பிட்டு 80 ரூபாயை நீட்டினார். பணம் வேண்டாங்கண்ணா, அன்னைக்குத் தேதியில் பில்லு போட்டுக் குடுங்க என்றேன். மெஷின் ரிப்பேர் என்றார்.